ஓடுவதா, எதிர்த்து நிற்பதா?

ஒருவன் கத்தியுடன் பாய்கிறான். தப்பி ஓட வழி இருக்கிறது. ஓடாமல் நின்று அவனைக் கொன்றுவிட்டால் குற்றமா? அமெரிக்காவில் இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு.

நியூயார்க் சட்டப்படி, ஆபத்தின்றி விலக முடியும் என்று தெரிந்தால் பொதுவாக விலகத்தான் வேண்டும். சொந்த வீட்டுக்குள் மட்டும் இந்தக் கடமை இல்லை.

புளோரிடா 2005-ல் வேறு வழியில் சென்றது. கவர்னர் ஜெப் புஷ் கையெழுத்திட்ட சட்டம், இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் பின்வாங்க வேண்டியதில்லை என்றது. பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. 2012-ல் அங்கு சான்போர்டு நகரில் ஆயுதமற்ற 17 வயது கறுப்பின இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டான். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. தற்காப்பு என்று வாதாடிய நபரை 2013-ல் ஜூரிகள் விடுதலை செய்தனர். செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை என்பதே இச்சட்டத்தை எதிர்ப்போரின் கவலை. ஆயினும் 2017-ல், தற்காப்பு வாதத்தை விசாரணைக்கு முன்பே முறியடிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பின் மீது சுமத்தப்பட்டது.

நம் நாட்டில் 1860-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்பு விதிகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக உள்ளன. தாக்கப்படுபவர் கோழையைப் போல் ஓட வேண்டியதில்லை என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. ஆனால் போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தாக்கவும் கூடாது. ஆயுதம் பறிபோய்க் கீழே விழுந்து கிடப்பவனை மறுபடி வெட்டினால், அது தற்காப்பு அல்ல, பழிவாங்கல்.