விடை சரி, பாடம் புரிந்ததா?

மாணவர்களே, ஒரு சிறிய விமானம் நேராகப் பறக்கையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் ‘ஸ்டால்’ ஆகும் என வைத்துக்கொள்வோம். அதாவது, இறக்கையின் தூக்குவிசை திடீரெனக் குறைந்துவிடும். விமானி பயிற்சி பெறுபவர் “90” என்று சரியாகச் சொல்கிறார். பாடம் புரிந்துவிட்டதா?

பயிற்றுநர் கேள்வியை மாற்றுவார்: “உயரம் குறையாமல், 60 பாகை சாய்ந்து திரும்பினால்?” அப்போதும் “90” என்றால், அவர் எண்ணை மட்டுமே மனனம் செய்திருக்கிறார். அத்தகைய திருப்பத்தில் இறக்கைகள் விமானத்தின் எடையைப்போல் இருமடங்கு தூக்குவிசை தர வேண்டும். எனவே வேகம் ஏறக்குறைய 127-க்கு இறங்கும்போதே ஸ்டால் ஆகிவிடும். தரைக்கு அருகில் இது உயிருக்கே ஆபத்து.

அமெரிக்கக் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்றுநர் கையேடு, கற்றலை 4 படிகளாகக் காட்டுகிறது. மனனம் முதற்படி. காரணம் அறிவது புரிதல். அதன்படி விமானத்தை ஓட்டிக் காட்டுவது செயல்படுத்துதல். தரையிறங்குமுன் எடுக்கும் திருப்பத்திலும் அதே ஆபத்தை உணர்ந்து வேகத்தைக் கவனிப்பது தொடர்புபடுத்துதல். மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கேள்விகளே பயிற்றுநருக்குக் காட்டிக்கொடுக்கும்.

நீங்களும் ஓர் இயற்பியல் சூத்திரத்தைப் படித்ததும், கணக்கிலுள்ள சூழலை மாற்றிப் பாருங்கள். எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.