மாடு தின்றது என்ன?

கடையிலிருந்து இறைச்சி வந்து சேர்ந்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? நிறத்தையா, எலும்பையா, கொழுப்பையா? முறைப்படி அறுக்கப்பட்டதா என்று நாம் தவறாமல் கேட்கிறோம். அந்த மாடு உயிரோடிருந்தபோது என்ன தின்றது, என்ன மருந்து அதன் உடம்பில் ஏறியது என்று கேட்பவர் எத்தனை பேர்? ஹலாலானதை மட்டுமல்ல, தூய்மையானதையும் உண்ணும்படிதானே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது!

வளர்ச்சி மருந்துகள் எவை?

அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே இடத்தில் அடைத்து, சோளமும் தானியமும் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். குறைந்த தீனில் விரைவாக எடை கூட வேண்டும் என்பதற்காகப் பல பொருட்களைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

முதலாவது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. நோயில்லாத மாட்டுக்கும் இதைச் சிறிய அளவில் நாள்தோறும் தீனில் கலந்தால் எடை கூடுகிறது. ஆனால் சாகாமல் தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாகி விடுகின்றன. நாளை நம் பிள்ளைக்கு நோய் வரும்போது அதே மருந்து பலிக்காமல் போகலாம். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் வளர்ச்சிக்காக இவற்றைத் தீனில் கலப்பதைத் தடுத்தது. மனித வைத்தியத்துக்கு முக்கியமானவற்றை அமெரிக்கா 2017இல் நிறுத்தியது. கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான பிராணிகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது.

இரண்டாவது, ஹோர்மோன். பெரும்பாலும் காதின் தோலுக்கடியில் குளிசையாக வைப்பார்கள். ஒரு வகையைத் தீனிலும் கலப்பார்கள். ஹோர்மோன் கொடுத்த மாட்டின் இறைச்சியை 1989 முதல் ஐரோப்பா இறக்குமதி செய்வதில்லை. குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் தீங்கில்லை என்பது அமெரிக்காவின் வாதம்.

மூன்றாவது, கொழுப்பைக் குறைத்துத் தசையைப் பெருக்கும் மருந்துகள். இவற்றுள் கிளென்பியூட்டரோல் என்பது மூச்சிழுப்புக்குக் கொடுக்கப்படும் மருந்து. இதைக் கள்ளத்தனமாகக் கொடுத்து வளர்த்த மாடுகளின் ஈரலை உண்டு, 1990ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயினில் 43 குடும்பங்களைச் சேர்ந்த 135 பேர் நோயுற்றார்கள். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தசைவலி ஆகியவை அவர்களுக்குக் கண்ட குணங்கள். இந்த மருந்து ஈரலில் அதிகம் தங்கும்; கொதிக்க வைத்தாலும் அழியாது.

இறைச்சி எப்படி மாறுகிறது?

இவ்வாறு வளர்த்த மாட்டில் சதை அதிகம், கொழுப்புக் குறைவு. சதைக்குள் நூல் நூலாக ஓடும் கொழுப்பும் குறைவதால் மென்மையும் சுவையும் குன்றுகின்றன. வியாபாரிக்கு எடை இலாபம். சமைப்பவருக்கோ வேகாத இறைச்சி.

ஆனால் வேகாத இறைச்சியெல்லாம் மருந்து கொடுத்த இறைச்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயது சென்ற மாட்டின் இறைச்சியும் வேகாது. மஞ்சள் கொழுப்பைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. பச்சைப் புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருப்பது இயல்பே.

நம் வாவிக்கரையில்

படுவான்கரைப் பட்டிமாடுகள் பெரும்பாலும் மேய்ச்சலில் வளர்பவை. வயலில் வேளாண்மை நிற்கும் மாதங்களில் மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குப் போய், அறுவடை முடிந்ததும் வயல்களுக்குத் திரும்பித் தாள் மேய்கின்றன. மெதுவாகத்தான் வளரும், வளர்ச்சி மருந்துக்கு அங்கே வேலையில்லை. இது நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் அந்த மேய்ச்சல் தரை பறிபோகிறதென்று 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். புல்தரை சுருங்கினால் பைத்தீன் வரும். அதனோடு என்னென்ன வரும் என்பதை மேலே கண்டோம்.

இன்றைக்கே நாம் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, நோய்க்குப் போட்ட ஊசி. மருந்து உடம்பை விட்டு நீங்கும்வரை மாட்டை அறுக்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துப் போத்தலிலேயே எழுதியிருக்கும். சில ஊசிகளுக்கு 28 நாட்கள் வரை செல்லும். நோய் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டு, சுகப்படாததால் மறுநாளே அறுவைக்கு விற்றால், அந்த மருந்து நம் சட்டிக்கே வந்து சேரும்.

மற்றது, உழ்ஹிய்யாவுக்காக வாங்கி வீட்டில் கட்டி வளர்க்கும் மாடு. சீக்கிரம் கொழுக்கட்டும் என்று கோழித்தீனைப் போடாதீர்கள். கோழியின் நோயைத் தடுக்க அதில் மருந்து கலந்திருக்கக் கூடும்; அந்த அளவு மாட்டுக்கென்று கணக்கிட்டதல்ல. அரிசியையும் தவிட்டையும் திடீரென்று அள்ளிக் கொடுத்தாலும் வயிறு புளித்து மாடு சாய்ந்துவிடும். புல்லும் வைக்கோலும் வயிற்றை நிரப்பட்டும். தவிடு, புண்ணாக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- பெருநாளுக்கு மாடு வாங்கப் போகும் ஆண்களிடம் சொல்லியனுப்புங்கள்: "கடைசியாக எப்போது ஊசி போட்டது, என்ன மருந்து?"
- விடை தெளிவில்லையென்றால் மிருக வைத்தியரைக் கேட்காமல் அறுக்க வேண்டாம்.
- பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த இறைச்சியையே வாங்குங்கள்.
- எங்கிருந்து வந்த மாடு என்று தெரியாவிட்டால், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதன் ஈரலைக் கொடுக்க வேண்டாம்.

கிருமியைத் தீ கொல்லும். தீனோடு ஏறிய எல்லா மருந்தையும் தீ போக்காது. மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது. கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சகோதரிகளே, கேட்க வேண்டியதை அடுப்படியில் அல்ல, பட்டியடியிலேயே கேட்கச் செய்யுங்கள். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால், விற்பவரும் கவனிக்கத் தொடங்குவார்.