பழசுன்னா 40 வருஷமா, போன வாரமா? - 'லெகசி கோட்' படுத்தும் பாடு!

2020 ஏப்ரல். கொரோனாவால் வேலையிழந்த அமெரிக்கர்கள், அரசு உதவித்தொகை கேட்டு லட்சக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டிருந்த நேரம். நியூஜெர்சி மாகாண ஆளுநர் ஃபில் மர்ஃபி, செய்தியாளர்கள் முன் ஒரு வித்தியாசமான வேண்டுகோளை வைத்தார். மருத்துவப் பணியாளர்களோடு, 'கோபால்' தெரிந்தவர்களும் உதவிக்கு வேண்டுமாம்!

யாரோ ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 1959-ல் உருவாக்கத் தொடங்கிய கம்ப்யூட்டர் மொழி அது. உதவித்தொகையைக் கணக்கிட்ட அரசு கம்ப்யூட்டர்களுக்கு 40 வயதுக்கும் மேல். அவற்றின் மொழி தெரிந்தவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். பணத்துக்குக் காத்திருந்தவர்கள்தான் தவித்தார்கள்.

முன்பிருந்தவர்கள் எழுதி, நம் தலையில் விட்டுச்சென்ற இத்தகைய புரோகிராம்களைத்தான் ஐ.டி துறையில் 'லெகசி கோட்' என்கிறார்கள்.

வயசு மட்டும்தான் காரணமா?

இல்லை என்கிறார் மைக்கேல் ஃபெதர்ஸ். இதற்காகவே 2004-ல் ஒரு புத்தகம் எழுதியவர். அவர் கணக்குப்படி, 'டெஸ்ட்' இல்லாத கோட் எல்லாமே லெகசிதான். ஓரிடத்தில் கை வைத்தால் வேறெங்காவது உடைகிறதா என்று தானாகச் சரிபார்ப்பவைதான் இந்த டெஸ்ட்கள். அவை இல்லையென்றால், போன வாரம் எழுதியதும் லெகசிதான்.

45 நிமிடங்களில் 46 கோடி டாலர்!

2012 ஆகஸ்ட் 1 அன்று, 'நைட் கேப்பிடல்' என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு இது புரிந்தது. புது சாஃப்ட்வேரை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஒன்று விடுபட்டுப்போனது. அந்த ஒன்றில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய கோட் அழிக்கப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தது. புது சாஃப்ட்வேருக்கான சிக்னல் அதைத் தட்டி எழுப்பிவிட, ஆர்டர்கள் தாறுமாறாகப் பறந்தன. சுமார் 45 நிமிடங்களில், நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்!

'கேட்ட அளவு முடிந்தது, நிறுத்து' என்று சொல்லவேண்டிய பகுதியை 2005-லேயே இடம் மாற்றியிருந்தார்கள். அதன்பிறகு பழைய கோட் ஒழுங்காக ஓடுமா என்று யாரும் சோதிக்கவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில் வெளிவந்த உண்மை இது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்துபோனது.

பழைய வீடுகளில், எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்ச் இருக்கும். 'எதுக்கு வம்பு' என்று யாரும் தொட மாட்டார்கள். வயரிங் போட்டவர் ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தால், அந்தப் பயம் இருந்திருக்காது.

இன்று கோட் எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஒரு வரியை நினைவூட்டுங்கள்!