ஏறும்போது கழற்று, நின்றதும் போடு!



டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கினால், மே மாத வெசாக் பௌர்ணமி வரை ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதை இரவிலும் உறங்காது. தோட்டத்தில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு வானைப் பிடிப்பார்கள். பள்ளிக்கூடக் கூட்டாளிகளும் தொற்றிக்கொள்வார்கள். அப்போது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி, "பையில் என்னென்ன எடுத்து வைப்பது?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் அறிவியலிடம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஒரு பாலைவனத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

மணலில் எப்படிக் குளிர்?

இந்தியாவின் இராஜஸ்தானில் தார் பாலைவனம் இருக்கிறது. அங்கே ஜெய்சல்மேர் நகருக்கு அருகே மணல்மேடுகளில் கூடாரம் போட்டுத் தங்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள் பகலுக்கு மெல்லிய சட்டையும் இரவுக்குக் கம்பளியும் எடுத்துப் போவார்கள். நண்பகலில் வியர்க்க வைத்த அதே இடம், விடியற்காலையில் பற்களை நடுங்க வைக்கும்.

காரணம் இதுதான். பகலில் சூடேறிய தரை, இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களாக வானத்தை நோக்கி வெளியிடுகிறது. பாடப்புத்தகத்தில் கதிர்வீசல் என்று படிக்கிறோமே, அதுவேதான். வானத்தில் மேகமும் நீராவியும் இருந்தால், அவை அந்த வெப்பத்தை உறிஞ்சி, ஒரு பங்கைத் திரும்பத் தரைக்கே அனுப்பிவிடும். மேகம் பூமிக்குப் போர்த்திய கம்பளி. பாலைவனத்துக் காற்றில் ஈரம் மிகக் குறைவு, மேகமும் அரிது. அதனால் வெப்பம் தடையில்லாமல் போய்விடுகிறது. உலர்ந்த மணலின் மேற்பரப்பு மட்டுமே சூடாகும். ஆழத்துக்கு வெப்பம் எளிதில் இறங்காது. ஆகவே சேர்த்து வைத்த வெப்பமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நம் மலையிலும் அதே வானம்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் மழை குறைந்து, இரவு வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கும். அப்படிப்பட்ட சில இரவுகளில் புல்வெளியில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும்.

தோட்டத்தில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பனியில் தேயிலை கருகுவது பெரும்பாலும் பள்ளமான இடங்களில்தான் என்பார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. இரவில் அது சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. அங்கே இலைக்குள் உறையும் நீர், கலங்களைச் சிதைத்துவிடுகிறது. வெயில் ஏறியதும் கொழுந்து பழுப்பாகிவிடும். எங்காவது கூடாரம் போட நேர்ந்தால், தட்டையாக இருக்கிறதே என்று பள்ளத்தின் அடியைத் தெரிந்தெடுக்காதீர்கள். சற்று மேட்டைப் பாருங்கள்.

உச்சியில் எவ்வளவு குளிரும்?

ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சிவனொளிபாதமலை உச்சி 2,243 மீற்றர். கழித்துப் பாருங்கள். ஹட்டனில் 14 பாகை என்றால், உச்சியில் 8 பாகை அளவில் இருக்கலாம். அத்துடன் மறைப்பே இல்லாத உச்சியில் காற்றும் வீசும்.

இதைக் கேட்டதும் அடிவாரத்திலேயே இரண்டு சுவெட்டரை மாட்டிக்கொண்டு ஏறத் தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது!

படியேறும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பு வியர்க்கும். தடித்த உடுப்புக்குள் வியர்வை போக வழியில்லை, சட்டை நனைந்துவிடும். உச்சிக்குப் போய்ச் சூரிய உதயத்துக்காகக் காத்திருக்கும்போது தசைகள் ஓய்ந்துவிடும். உடம்பில் உண்டாகும் வெப்பமும் குறைந்துவிடும். ஈரமோ அப்படியே இருக்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வை ஆவியாகும்போதும் உடம்பின் வெப்பத்தையே எடுத்துக்கொண்டு போகும். மலையுச்சியில் நடுங்குகிறவர்களில் பலரை நடுங்க வைப்பது அவர்களுடைய சொந்த வியர்வைதான்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரி மூன்று ஜாம் போத்தல்களில் இளஞ்சூடான நீரைச் சம அளவில் நிரப்பி மூடுங்கள். ஒன்றை வெறுமனே வையுங்கள். இரண்டாவதில் உலர்ந்த கம்பளித் துணியைச் சுற்றுங்கள். மூன்றாவதில் அதே துணியை நனைத்துப் பிழிந்து சுற்றுங்கள். காற்றுப்படும் இடத்தில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, நீரின் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். வெப்பமானி கிடைத்தால் அளந்து எழுதுங்கள். எந்தப் போத்தல் முதலில் ஆறியது? கம்பளி இழைகளுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கூட்டாளிகளோடு பேசிப் பாருங்கள்.

இனிப் பையைக் கட்டுவோம்

ஏறும்போது ஒரு மெல்லிய சட்டை போதும். சுவெட்டரும் தொப்பியும் பைக்குள் இருக்கட்டும். மாற்றுச் சட்டையை ஒரு பையில் சுற்றி நனையாமல் வையுங்கள். உச்சியை அடைந்ததும் முதல் வேலை, ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுவது, அதன்மேல் சுவெட்டர். சிமெந்துப் படி உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். ஆகவே மடித்த சாக்கை விரித்து, அதன்மேல் உட்காருங்கள்.

குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மூச்சுக்காற்றோடும் வியர்வையோடும் நீர் போய்க்கொண்டே இருக்கும். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். ரொட்டி, அவித்த கடலை, கருப்பட்டி எல்லாம் தசைகளுக்கு எரிபொருள். வெற்றுப் பைகளையும் போத்தல்களையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். இந்த மலைக்காடு, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. நம் ஆறுகள் ஊற்றெடுக்கும் காடும் இதுதான்.

கடைசியாக, பை கட்டும்போது யாருடைய உடுப்பை முதலில் வைப்பது? சின்னத் தம்பியின் உடுப்பை. எடையோடு ஒப்பிட்டால் சிறு பிள்ளையின் தோல் பரப்பு அதிகம். அதனால் அவன் சீக்கிரம் குளிர்ந்துபோவான். அடுத்து அம்மாயியின் உடுப்பை. வயதானவர்களின் உடம்பு குறைவாகவே வெப்பத்தை உண்டாக்கும். இவர்கள் இருவருக்கும் இரண்டு மாற்றுச் சட்டைகள் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் உங்களுடையதை அடுக்குங்கள். ஏறும்போதும் இவர்களுடைய வேகத்துக்கே எல்லாரும் நடங்கள். மெதுவாக நடந்தால் எல்லாருக்கும் வியர்வையும் குறையும்!