வரிக்குதிரை மீனின் கைரேகை
துடுப்பில் துளி வெட்டி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால், முடிவு வரும்வரை ஒவ்வொரு வரிக்குதிரை மீனும் தனித்தொட்டியில்தான் இருக்கணும். கூட்டமாக வாழும் மீனுக்கு அது தண்டனை.

ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் இரண்டு தொட்டிகளின் சீட்டு மாறிப்போச்சு. வெட்டும்முன் எடுத்த படங்கள்தான் காப்பாற்றின. எல்லா மீனுக்கும் நீலக் கோடுகள்தான். ஆனால் கோடு எங்கே உடைகிறது, எங்கே கிளைக்கிறது என்பது மீனுக்கு மீன் வேறு. கருப்பு, மஞ்சள், வெள்ளி நிறச் செல்கள் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் கோடு போடுவதால் வரும் வித்தியாசம் அது.

இரண்டு எச்சரிக்கை: வளர்ந்த மீனில் மட்டும் பாருங்க, இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடே ஒப்பிடுங்க. வெட்டி வளர்ந்த துடுப்பை நம்பாதீங்க, அங்கே கோடு மாறலாம்.

இப்போ எங்கள் மீன்கள் முடிவு வரும்வரை சேர்ந்தே நீந்துகின்றன.