ஒற்றை ஆசனக் கார் வாங்கலாமா?

கார் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், மடியில் குழந்தைகள், காலடியில் கூஜா. ஆனால், நேயர்களே, ஆசனம் ஒன்றே ஒன்றுதான் என்று பிடிவாதம் பிடிக்கும் கார்களும் உண்டு. கூரை கிடையாது, கதவு கிடையாது. முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய என்ஜின். அதுவும் முழுசாக வராது. சட்டம், அச்சு, ஸ்டியரிங் எல்லாம் தனித் தனியாகப் பெட்டிகளில் வந்து இறங்கும். வாங்கியவரே கொட்டகையில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏராளம். அங்கே குடியேறிய உங்கள் உறவினர் யாருக்காவது இது தொற்றியிருந்தால், முன்பணம் கட்டுமுன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பைத்தியம் பழையது. 1946-ல், லண்டனுக்கு அருகே சர்பிட்டன் என்ற ஊரில், சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜான் கூப்பரும் இப்படி ஒரு வண்டியைக் கட்டினார்கள். யுத்தம் முடிந்த சமயம், எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஃபியட் டோபோலினோ என்ற குட்டிக் கார்கள் இரண்டின் முன்பாகங்களை வெட்டி, முதுகோடு முதுகாக ஒட்டினார்கள். ஜே.ஏ.பி. என்ற 500 சி.சி. மோட்டார் சைக்கிள் என்ஜினை ஆசனத்துக்குப் பின்னால் வைத்தார்கள். ஏன் பின்னால்? அதில் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளில் செயின் பின்சக்கரத்துக்குத்தானே போகிறது? அதே செயினை மாட்ட அதுதான் சௌகரியம்! அந்தச் சௌகரியம் எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள். 1948-ல் ஸ்டர்லிங் மாஸ் என்ற 18 வயதுப் பையன் ஒரு கூப்பர் 500 வாங்கினான். பிற்பாடு உலகம் அறிந்த பந்தய வீரனானான். 1959-லும் 1960-லும், பின்னால் என்ஜின் வைத்த கூப்பர் காரில் ஜாக் பிரபாம் உலக சாம்பியன் ஆனார். அதில் இருந்தது பெரிய கார் என்ஜின்தான். ஆனாலும் என்ஜின் இருந்த இடம் செயின் காட்டிக் கொடுத்த இடம்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதல் கேள்வி: ஓட்டப் போவது சாலையிலா, பந்தயப் பாதையிலா? "இரண்டிலும்" என்று பதில் சொல்கிறவர்தான் அநேகமாக ஏமாந்து போகிறார். காரணம் சொல்கிறேன்.

மோட்டார் சைக்கிள் என்ஜினின் கவர்ச்சி சாதாரணமானதல்ல. 1999-ல் சுசுகி கம்பெனி வெளியிட்ட ஹயபூசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1299 சி.சி.தான். நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றை நெருங்கும்போது 170 குதிரைச் சக்திக்கு மேல் கொடுக்கும். நானூறு சொச்சம் கிலோ எடையுள்ள வண்டிக்கு இது போதாதா? கியர் பெட்டியும் என்ஜினோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. விரலால் தட்டினால் அடுத்த கியர்.

ஆனால் அந்த என்ஜின் வேறொரு பிராணிக்காகப் பிறந்தது. வண்டியும் ஆளும் சேர்ந்து முந்நூறு சொச்சம் கிலோவை இழுக்க ஏற்பட்ட கிளச், இங்கே அதைவிட நூற்றைம்பது கிலோ அதிகமாக இழுக்க வேண்டும். மேட்டில் நிறுத்திக் கிளப்பினால் கிளச் தீய்ந்த வாசனை மூக்கைத் துளைக்கும். குறைந்த வேகத்தில் இந்த என்ஜினுக்கு இழுவை சக்தி போதாது. உறும விட்டால்தான் உயிர் வரும். கடைத்தெருவில் உறும விடுவது எப்படி? ரிவர்ஸ் கியரும் கிடையாது. சந்தில் மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ரிவர்ஸ் பெட்டி தனியாக விற்கிறார்கள். அதற்குத் தனி விலை, தனி எடை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து எண்ணெயில் இருக்கிறது. தூக்குச் சட்டியில் மோர் எடுத்துப் போகிறவர் கையை வீசி நடந்தாலும் மோர் சிந்துவதில்லை. சட்டியும் கூடவே சாய்கிறது. மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். வளைவில் அது சாய்வதால் அடித்தொட்டி எண்ணெய் அதன் இடத்திலேயே நிற்கிறது. கார் சாய்வதில்லை. எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்பு காற்றை உறிஞ்சும். சில விநாடிகளில் பேரிங்குகள் நாசம். ஆகையால் விற்பவரிடம் வண்ணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்திருக்கிறதா, அல்லது எண்ணெயைத் தனித் தொட்டியில் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். விழிப்பவரிடம் வாங்காதீர்கள். பந்தயப் பாதைக்கு இரண்டாவது ஏற்பாடுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

சாலைதான் என்றால் சர்க்கார் பரிசோதனை உண்டு. சொந்தமாகப் பூட்டிய வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அங்கீகரிக்கும் இந்த முறை, பிரிட்டனில் 2009-லிருந்து புது வடிவத்தில் நடக்கிறது. விளக்கு, பிரேக், கண்ணாடி, சத்தம், புகை, சக்கரத்தின்மேல் மூடி, கையைக் கிழிக்கும் கூரான விளிம்பு - ஒன்றும் தப்பாது. இவற்றையெல்லாம் மாட்டி முடிக்கும்போது, பந்தயத்துக்கென்று குறைத்த எடை திரும்பி வந்திருக்கும்.

பந்தயப் பாதை என்றால் முதலில் கிளப்பைத் தேர்ந்தெடுங்கள், பிறகு வண்டியை. எந்த வகுப்பில் எந்த என்ஜின், எத்தனை சி.சி. என்பதை அவரவர் விதிப் புத்தகம்தான் தீர்மானிக்கிறது. புதியவருக்கு மலையேற்றப் பந்தயம் நல்ல ஆரம்பம். 1905 முதல் நடந்துவரும் ஷெல்ஸ்லி வால்ஷ் பாதை ஆயிரம் கஜம்தான். ஒவ்வொரு காராகத் தனியே விடுவார்கள். பக்கத்தில் இடிக்க வேறு ஆள் இல்லை.

என்ஜினைத் தனியாக வாங்குவதைவிட, விபத்தில் அடிபட்ட மோட்டார் சைக்கிளை முழுசாக வாங்குவது மேல். ஒயர்கள், மீட்டர், மின்சார மூளை, அதற்கிணைந்த சாவி எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, காசு கொடுக்குமுன் உள்ளே இறங்கி உட்கார்ந்து பாருங்கள். தோள் இடிக்கிறதா? உங்கள் பூட்ஸ் ஒரே மிதியில் இரண்டு பெடலை அமுக்குகிறதா? வீட்டிலுள்ளவர்களையும் கூட அழைத்துப் போங்கள். "நான் எங்கே உட்காருவது?" என்று கேட்பார்கள். கார்டன் மரே என்ற பிரபல கார் நிபுணர் 1991-ல் வந்த ராக்கெட் என்ற காரை வடிவமைத்தபோது அதற்கும் வழி செய்திருந்தார். யமஹா மோட்டார் சைக்கிள் என்ஜின், நானூறு கிலோவுக்கும் குறைந்த எடை, சாலையிலும் ஓடும், ரிவர்ஸும் உண்டு. பார்வைக்கு ஆசனம் ஒன்றுதான். ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மூடி. அதைத் திறந்தால் இன்னொருவருக்கு இடம்!