எம்.ஓ.டி பாஸ் ஆயிடுச்சு சரி, கீழே இருக்கிற அட்வைசரியைப் படிச்சீங்களா?



என்கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர். சொந்த ஊர் செங்கல்பட்டு, வேலை இங்க இங்கிலாந்துல. அவரோட பழைய கார் எம்.ஓ.டி டெஸ்ட்ல பாஸ் ஆச்சு. பாஸ்னு பார்த்ததும் பேப்பரை டேஷ்போர்டுக்குள்ள போட்டு மூடிட்டார். அதே பேப்பர்ல கீழே ஒரு வரி இருந்துச்சு: முன்பக்க இடது டயர் தேய்ஞ்சு, சட்டம் சொல்ற அளவுக்குக் கிட்ட வந்திருக்கு.

எட்டு மாசம் கழிச்சு ரோட்டுல போலீஸ் நிறுத்திப் பார்த்தாங்க. டயர் அந்த அளவுக்குக் கீழே போயிருந்துச்சு. லைசென்ஸ்ல 3 பாயிண்ட். வேகமா ஓட்டினதுக்கு ஏற்கனவே 3 பாயிண்ட் இருந்தது. இங்க டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணி முதல் 2 வருஷத்துக்குள்ள 6 பாயிண்ட் சேர்ந்தா லைசென்ஸே ரத்து. திரும்பவும் புரொவிஷனல் லைசென்ஸ் எடுக்கணும், தியரியும் பிராக்டிகலும் முதல்ல இருந்து எழுதிப் பாஸ் பண்ணணும்.

"அண்ணா, பாஸ்னுதானே போட்டிருந்துச்சு?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்: நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், மெக்கானிக் இல்ல. அதனால இதை ஒரு பணக் கணக்காத்தான் பார்க்கப் போறேன்.

நம்ம ஊர்ல இல்லாத பழக்கம்

தமிழ்நாட்டுல சொந்தக் கார் வாங்கினா ஆர்.சி 15 வருஷத்துக்கு. அதுவரைக்கும் வருஷா வருஷம் வண்டியைத் தூக்கி அடியில பார்க்கிற டெஸ்ட் கிடையாது. இங்க அப்படி இல்ல. கார் 3 வயசு தாண்டினா வருஷத்துக்கு ஒரு எம்.ஓ.டி கட்டாயம். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. எம்.ஓ.டி இல்லாம ஓட்டினா 1,000 பவுண்டு வரை அபராதம். (வடக்கு அயர்லாந்துல முறை வேற. நான் சொல்றது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு.)

2018 மே மாசத்துல இருந்து டெஸ்ட்ல கண்டுபிடிக்கிற குறைகளை இப்படிப் பிரிக்கிறாங்க:

- டேஞ்சரஸ்: ஃபெயில். சரி பண்ணாம ரோட்டுல எடுக்கவே கூடாது.
- மேஜர்: ஃபெயில். உடனே சரி பண்ணணும்.
- மைனர்: பாஸ். ஆனா சீக்கிரம் சரி பண்ணணும்.
- அட்வைசரி: பாஸ். இப்போதைக்குக் குறை இல்ல, பின்னாடி பெரிசாகலாம். கண்காணிச்சுக்கிட்டே இருங்க, தேவைப்பட்டா சரி பண்ணுங்க.

எங்க தொழில்ல சொல்லணும்னா, மேஜர் என்பது இன்னைக்கே கட்ட வேண்டிய பில். அட்வைசரி என்பது பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே குறிப்புல வர்ற 'வரக்கூடிய கடன்'. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துட்டு அந்தக் குறிப்பை நிறைய பேர் படிக்கிறதே இல்ல. ஒரு கம்பெனி எங்க மாட்டும்னு பெரும்பாலும் அங்கதான் எழுதியிருக்கும்.

முக்கியமான விஷயம்: பாஸ் என்பது டெஸ்ட் நடந்த அந்த நாளோட நிலைமைக்கு மட்டும்தான். அடுத்த 12 மாசத்துக்கான கேரண்டி கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் எப்படி இருக்குன்னு எம்.ஓ.டி பார்க்கிறதும் இல்ல.

மூணு குவியலாப் பிரிங்க

அட்வைசரி ஆறு வரி இருந்தா ஆறும் செலவுன்னு பயப்பட வேண்டாம்.

முதல் குவியல், வேகமாத் தேயற பொருள்: டயர், பிரேக் பேட், பிரேக் டிஸ்க். இதுக்குத் தேதி குறிக்கணும்.

இரண்டாவது, மெதுவா வளர்ற பிரச்சினை: மேலோட்டமான துரு, ஷாக் அப்சார்பர்ல லேசான எண்ணெய் ஈரம், சஸ்பென்ஷன் புஷ்ல கொஞ்சம் ஆட்டம். அடுத்த சர்வீஸ்ல காட்டிக் கேளுங்க. ஒரு போட்டோ எடுத்து வெச்சா ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மூணாவது, வெறும் குறிப்பு: "அடியில பிளாஸ்டிக் மூடி இருக்கிறதால சில பாகங்களைப் பார்க்க முடியல" என்கிற மாதிரி வரி. டெஸ்டர் தன் பக்கத்துக்குப் பதிவு பண்றார், அவ்வளவுதான். இதுக்குப் பைசா செலவு இல்ல.

படிக்கும்போது குழப்பற ரெண்டு வார்த்தை: நியர்சைடுன்னா நடைபாதை பக்கம், அதாவது இடது. ஆஃப்சைடுன்னா டிரைவர் பக்கம், வலது.

ஒரு டயர் கணக்கு

சட்டப்படி டயரோட நடு முக்கால் பாகத்துல, சுத்தி எங்க அளந்தாலும் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும். புது டயர் ஏறக்குறைய 8 மி.மீ. உங்க அட்வைசரில 3 மி.மீன்னு போட்டிருக்குன்னு வெச்சுக்கோங்க. டயர் மாட்டி 20,000 மைல் ஓடியிருக்கு.

5 மி.மீ தேய 20,000 மைல். அப்போ 1 மி.மீக்கு 4,000 மைல். மிச்சம் இருக்கிறது 3-ல இருந்து 1.6 போக 1.4 மி.மீ. அதாவது 5,600 மைல். மாசம் 700 மைல் ஓட்டறீங்கன்னா சரியா 8 மாசம்.

அடுத்த எம்.ஓ.டி 12 மாசம் கழிச்சு. நடுவுல 4 மாசம் நீங்க பாஸ் சர்டிபிகேட்டோட சட்டவிரோதமான டயர்ல ஓட்டறீங்க! தம்பிக்கு நடந்தது இதுதான். ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் 3 பாயிண்டும் வரலாம். பணத்தை விடுங்க, மழை நாள்ல பிரேக் போட்டா வண்டி நிக்கணும்ல?

தேய்மானம் எப்பவும் ஒரே வேகத்துல போகாது. அதனால கணக்கு போட்டுட்டு மாசம் ஒருமுறை 20 பென்ஸ் காசை டயர் பள்ளத்துல செருகிப் பாருங்க. காசோட வெளி விளிம்பு வெளியே தெரிஞ்சா கடைக்குப் போய் அளந்துடுங்க.

கராஜ்ல இருந்து போன் வந்தா

டெஸ்ட் முடிஞ்ச உடனே போன் வரும். "நாலு அட்வைசரி இருக்கு, இன்னைக்கே முடிச்சிடலாமா?" நாம ஆபீஸ் மீட்டிங்ல இருப்போம், "சரி, பண்ணிடுங்க"ன்னு சொல்லிடுவோம். அங்கதான் பணம் போகுது.

சரி சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேளுங்க:

1. அளந்தது எவ்வளவு?
2. இது உங்க சொந்தக் காரா இருந்தா எத்தனை மாசம் விடுவீங்க?
3. எனக்கு நேர்ல காட்ட முடியுமா?
4. பார்ட்ஸ், லேபர் தனித்தனியா எழுத்துல விலை தர முடியுமா?

வண்டி ஏற்கனவே பாஸ். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இன்னொரு இடத்துல விலை கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. சில ஊர்கள்ல கவுன்சிலே நடத்துற எம்.ஓ.டி சென்டர் பொதுமக்களுக்கும் திறந்திருக்கு. அங்க பொதுவா ரிப்பேர் வேலை செய்யறதில்ல. அதனால குறை கண்டுபிடிச்சு வேலை பிடிக்கணும்கிற ஆசையும் அவங்களுக்கு இல்ல.

மாசச் சம்பளத்துல எப்படி அடக்கறது?

ஒவ்வொரு அட்வைசரிக்கும் ரெண்டு நம்பர் எழுதுங்க: எவ்வளவு ஆகும், எத்தனை மாசத்துல வரும். உதாரணத்துக்கு, ரெண்டு டயர் 160 பவுண்டு, முன் பிரேக் வேலை 240 பவுண்டு, ரெண்டும் 8 மாசத்துக்குள்ளன்னு வெச்சுக்கலாம். மொத்தம் 400. மாசம் 50 பவுண்டு தனி சேவிங்ஸ் பாட்ல சம்பளத் தேதி அன்னிக்கே ஒதுக்கிடுங்க. (இது கணக்குக்காக எடுத்த விலை. உங்க காருக்கு நீங்க விசாரிச்ச விலையைப் போடுங்க.)

இப்படிச் செஞ்சா அந்தச் செலவு கிரெடிட் கார்டுல ஏறாது. 400 பவுண்டு செலவு எப்படியும் வரத்தான் போகுது. வட்டியோட கட்டறதா, வட்டி இல்லாம கட்டறதான்னு நீங்கதான் முடிவு பண்றீங்க.

பழைய கார் வாங்கறீங்களா?

ஊர்ல இருந்து வந்த புதுசுல எல்லாரும் வாங்கறது பழைய கார்தான். விளம்பரத்துல "ஒரு வருஷ எம்.ஓ.டி இருக்கு"ன்னு போட்டிருப்பாங்க. அதோட நின்னுடாதீங்க. அரசாங்க இணையதளத்துல நம்பர் பிளேட்டை மட்டும் போட்டா அந்தக் காரோட எம்.ஓ.டி வரலாறு இலவசமா வந்துடும். ஒவ்வொரு டெஸ்ட்லயும் மைலேஜ் எவ்வளவு, எதுல ஃபெயில், என்னென்ன அட்வைசரி, எல்லாம் தெரியும்.

மூணு விஷயம் தேடுங்க. ஒரே அட்வைசரி மூணு வருஷமா திரும்பத் திரும்ப வருதா? ஓனர் செலவே பண்ணாம ஓட்டியிருக்கார்னு அர்த்தம். துரு பத்தின வரி வருஷா வருஷம் கனமாகுதா? வெல்டிங் வரைக்கும் போகலாம், தள்ளி நில்லுங்க. போன வருஷம் அஞ்சு அட்வைசரி, இந்த வருஷம் ஒண்ணுமே இல்லையா? நல்ல விஷயமாவும் இருக்கலாம், ஆனா சரி பண்ண பில்லைக் காட்டச் சொல்லுங்க. பில் இல்லைன்னா, அந்த வேலைகளுக்கு ஆகிற செலவை விலையில குறைச்சுப் பேசுங்க.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு அஞ்சு நிமிஷம். உங்க வண்டி நம்பரைப் போட்டு கடைசி எம்.ஓ.டியைத் திறங்க, அட்வைசரியை மூணு குவியலாப் பிரிங்க, முதல் குவியலுக்கு மட்டும் போன் காலண்டர்ல தேதி போடுங்க. டயர் கணக்கைப் படிப்படியா போட்டுக் காட்டற வீடியோ நம்ம சேனல்ல வருது.

தம்பி இப்போ ரெண்டு பஸ் மாறித்தான் ஆபீஸ் வர்றார். அடுத்த மாசம் தியரி டெஸ்ட். அந்த டயரை மட்டும் மாத்தியாச்சு.